யாருக்கு வக்காலத்து?

தேர்தல் காற்று வீசத் தொடங்கினால் போதும், நமது ஆலை வாசலுக்கும் சேரித் தெருவுக்கும் புதிய உறவினர்கள் வந்துவிடுகிறார்கள். பண்ணையார் வருகிறார், பஸ் முதலாளி வருகிறார், அரிசி மில்காரர் வருகிறார். இவர்களோடு இன்னொருவரும் வருகிறார். அவர் நம் ஊர் வக்கீல். கோர்ட்டில் கறுப்புக் கோட்டில் பார்த்தவரை இப்போது வெள்ளை வேட்டியில் பார்க்கிறோம். கைகூப்பி நின்று அவர் சொல்கிறார்: “சட்டசபை என்பது சட்டம் செய்யும் இடம். சட்டம் தெரிந்தவன்தானே அங்கே போக வேண்டும்?”

கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. அதற்கு நம்மிடையே இரண்டு விதமான பதில்கள் உலவுகின்றன. “படித்தவர், நாலு பேர் முன்னால் பேசத் தெரிந்தவர், இவருக்கே போடுவோம்” என்கிறார் ஒரு தோழர். “வக்கீலா? பீஸ் கொடுத்தவன் பக்கம் பேசுகிறவர்தானே! இன்று நம் பக்கம், நாளை முதலாளி பக்கம். போடவே கூடாது” என்கிறார் இன்னொரு தோழர். இரண்டும் பிழை என்று நாம் சொல்கிறோம். ஏன் பிழை என்பதை நடந்த சரித்திரத்தைக் கொண்டே காட்ட விரும்புகிறோம்.

சட்டசபையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 1961-ல் தமிழ்நாட்டில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள். 1970-ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். நிலமற்றவன் காதில் தேன் பாய்ந்தது போலிருந்தது. ஆனால் சட்டத்தின் தலைப்பைப் படித்தால் போதுமா? உள்ளே விதிவிலக்குகள் இருந்தன. தோப்புக்கு விலக்கு, கரும்புக்கு விலக்கு, அறக்கட்டளைக்கு விலக்கு. தலைப்பில் கொடுத்ததை விதிவிலக்கில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். உழுதவன் கைக்கு வந்தது என்ன? தலைப்பு வந்தது, நிலம் வரவில்லை!

ஆகவே சட்டசபையில் நம் பக்கம் நின்று, மசோதாவின் ஒவ்வொரு பிரிவையும் விரல் வைத்துப் படித்து, “இந்த ஓட்டையை யாருக்காக விட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்க ஆள் வேண்டும். அதற்குச் சட்ட ஞானம் பயன்படும். இதை மறுப்பது அறியாமை. ஆனால் அந்த ஓட்டையை விட்டவர்களும் சட்டம் படித்தவர்களே என்பதையும் மறக்கக் கூடாது. கத்தி நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

தலைச்சேரியில் ஒரு வக்கீல் இருந்தார். பெயர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை சட்டக் கல்லூரியிலும் படித்தவர். தகப்பனாரும் பெயர்பெற்ற வக்கீல். 1930-களின் இறுதியில் தொழில் தொடங்கியவருக்கு ஜென்மிகளும் வியாபாரிகளும் கட்சிக்காரர்களாகக் கிடைக்கத் தடையேதும் இருந்ததில்லை. சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ மலபாரின் குடியானவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வக்காலத்துப் போட்டார்.

அது எத்தகைய காலம்? ஜென்மியின் கங்காணியும் சர்க்காரின் போலீசும் ஒரே தெருவில் கைகோத்து நடந்த காலம். குத்தகைக்காரனை வெளியேற்றுவது ஜென்மிக்கு விளையாட்டு. எதிர்த்தவன் மீது கிரிமினல் கேஸ். அந்த வழக்குகளில் ஏழைக்காக எழுந்து நின்றதற்கு இந்த வக்கீலுக்குக் கிடைத்த சன்மானம் என்ன? கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று குற்றம்சாட்டி 1948-ல் அவரையே பிடித்து ஒரு மாத காலம் சிறையில் வைத்தார்கள். வக்கீல் கைதியானார்!

இதன் பிறகுதான் அவர் தேர்தலுக்கு நின்றார். 1952-ல் வயது வந்த அனைவருக்கும் ஓட்டுரிமை என்ற அடிப்படையில் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. மலபார் அப்போது சென்னை ராஜ்யத்தில் ஒரு ஜில்லா. கூத்துப்பறம்புத் தொகுதியில் சுயேச்சை அபேட்சகராக நின்று வென்று அவர் சென்னைச் சட்டசபைக்கு வந்தார். அந்தச் சபையின் அமைப்பும் நினைவில் வைக்கத்தக்கது. 375 ஸ்தானங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்ட் கட்சிக்கு 62. மக்கள் பெரும்பான்மை தராத கட்சி, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து முதல் மந்திரி ஆக்கிற்று. அந்தச் சர்க்காரே அதே 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ராஜாஜியின் மனம் இளகியதாலா? இல்லை. சாணிப்பாலையும் சவுக்கையும் எதிர்த்துக் கீழத் தஞ்சையின் பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ் திரண்டு நின்றதால்! வயலில் எழுந்த குரல் சபைக்குள் கேட்டது; சபைக்குள் அதை எதிரொலிக்க ஆட்களும் இருந்தார்கள்.

1957-ல் புதிய கேரள ராஜ்யத்தின் முதல் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்க வேண்டிய ஸ்தானங்கள் 126. கம்யூனிஸ்ட் கட்சி வென்றவை 60. தனித்து மந்திரிசபை அமைக்க அது போதாது. கட்சியின் ஆதரவோடு நின்று வென்ற 5 சுயேச்சைகள் சேர்ந்ததால்தான் 65 ஆயிற்று. அந்த ஐவரில் ஒருவர் தலைச்சேரியில் வென்ற கிருஷ்ணய்யர். அதாவது, ஒரு வக்கீலின் ஒரு ஸ்தானம் அந்த மந்திரிசபையைத் தாங்கிய தூண்களில் ஒன்று. 1957 ஏப்ரல் 5-ந் தேதி இ.எம்.எஸ். தலைமையில் 11 பேர் கொண்ட மந்திரிசபை பதவி ஏற்றது. கிருஷ்ணய்யர் சட்ட மந்திரியானார். மின்சாரம், பாசனம், சிறை முதலிய பொறுப்புகளும் அவரிடம் வந்தன. 1948-ல் எந்தச் சிறையின் கம்பிக்குப் பின்னால் நின்றாரோ, அந்தச் சிறைத்துறைக்கே அவர் மந்திரி!

பதவியேற்ற ஆறாம் நாள், ஏப்ரல் 11-ந் தேதி, ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றும் நடவடிக்கைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஆறு நாள்! ஆண்டுக்கணக்கில் “கமிட்டி ஆராய்கிறது, பைல் நகர்கிறது” என்று கேட்டுக் காது புளித்தவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். வெளியேற்ற வழக்குகளில் எழுந்து நின்று வாதாடித் தழும்பேறிய வக்கீல் ஒருவர் சட்ட மந்திரியாக இருக்கும்போது, எந்தக் கதவை முதலில் அடைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வக்கீலுக்குப் பணம் கட்ட முடியாத ஏழைகளுக்குச் சட்ட உதவி வழங்கும் விதிகளும் அதே 1957-ல் கேரளத்தில் வந்தன. நிலச் சீர்திருத்த மசோதாவைச் சபையில் கொண்டுவந்தவர் கே.ஆர்.கௌரி. அவரும் வக்கீல் தொழிலிலிருந்து போராட்டத்துக்கு வந்தவரே. 1959 ஜூனில் சபை அதை நிறைவேற்றியது. ஜூலை 31-ந் தேதி மந்திரிசபையை டில்லி டிஸ்மிஸ் செய்தது. நிலப்பிரபுக்கள் எதைக் கண்டு நடுங்கினார்கள் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

எல்லாமே பொன்னாக இருந்தது என்று நாம் சொல்லப் போவதில்லை. அந்த ஆட்சியிலேயே, 1958-ல், சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளர் மீது போலீஸ் சுட்டு இருவர் மாண்டனர். இதை மறைப்பது கம்யூனிஸ்டுகளுக்கு அழகல்ல. நமது ஆட்கள் நாற்காலியில் அமர்ந்தால் மட்டும் போலீசின் துப்பாக்கி வர்க்கம் மாறிவிடாது. நல்ல அபேட்சகரைத் தேர்ந்தெடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள முடியாது. காவல் இருக்க வேண்டியது நாமே. இந்தப் பாடத்தை அந்த இரு தொழிலாளரின் ரத்தம் எழுதிவைத்தது.

இனி 1960 தேர்தல். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகக் காங்கிரஸ், பி.எஸ்.பி., முஸ்லிம் லீக் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. கட்சிக்குக் கிடைத்த ஓட்டுகளின் விகிதம் முன்னைவிடக் கூடியது. ஆனாலும் ஸ்தானங்கள் 29 ஆகக் குறைந்தன. தலைச்சேரியில் கிருஷ்ணய்யர் தோற்றதாக அறிவித்தார்கள். எத்தனை ஓட்டு வித்தியாசத்தில்? ஏழு!

ஏழு பேர் என்றால் யார்? நாற்றங்காலில் நிற்கும் ஒரு நடவுக் கோஷ்டியில் பாதி. ஒரு ஷிப்டில் ஸ்பின்னிங் பகுதியின் ஒரு மூலை. “நான் ஒருவன் போகாவிட்டால் என்ன?” என்று ஏழு பேர் நினைத்தால் ஒரு தொகுதியே கைமாறிவிடுகிறது. அவர் சோர்ந்துவிடவில்லை. தேர்தல் வழக்குத் தொடர்ந்தார். 1961-ல் அவரே வென்றவர் என்று தீர்ப்பாயிற்று. நம்மில் ஒருவருடைய ஓட்டும் எண்ணிக்கைக்கு அற்பமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பின்னாளில் அவர் நீதிபதியானார். 1968-ல் கேரள ஐகோர்ட், 1973-ல் சுப்ரீம் கோர்ட். கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் இருந்தவரை அந்தப் பீடத்தில் அமர்த்துவதா என்று கனவான்கள் சிலர் கூச்சலிட்டார்கள். அவர் அந்தப் பீடத்திலிருந்து என்ன செய்தார்?

1978-ல் கோழிக்கோட்டுக் கயிறு ஆலை ஒன்றின் வழக்கு வந்தது. 29 தொழிலாளருக்கு வேலை மறுக்கப்பட்டது. “இவர்கள் என் ஆட்களே அல்ல, காண்டிராக்டரின் ஆட்கள்” என்றார் முதலாளி. இந்த வசனம் நமக்குப் புதிதா? இன்று எத்தனை ஆலை வாசலில் இதைக் கேட்கிறோம்! கிருஷ்ணய்யரின் தீர்ப்பு என்ன? எவனுடைய வியாபாரத்துக்காகத் தொழிலாளியின் உழைப்பு பொருளாகிறதோ, எவன் அவனது பிழைப்பைக் கையில் வைத்திருக்கிறானோ, அவனே முதலாளி. நடுவில் எத்தனை காண்டிராக்டர் காகிதத்தைத் தொங்கவிட்டாலும் நீதிமன்றம் அந்தத் திரையை விலக்கிப் பார்க்கும் என்பதுதான்.

அதே ஆண்டு பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்சில் அவர் எழுதிய தீர்ப்பு, லாப நோக்கம் இல்லாத ஸ்தாபனமானாலும் முறையாக வேலை வாங்கும் இடம் தொழில்தான் என்று கூறி, ஆஸ்பத்திரியிலும் கல்வி நிலையத்திலும் உழைக்கும் லட்சக்கணக்கானவர்களுக்குத் தொழிற்தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பைத் திறந்துவிட்டது. அதே ஆண்டு மோத்தி ராம் என்ற ஏழைக் கொத்தனாரின் ஜாமீன் வழக்கு. பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட். அண்ணன்தம்பி சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று அதையும் தள்ளினார். கொத்தனாரிடம் பத்தாயிரத்துக்கு எங்கே போவது? ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார் கிருஷ்ணய்யர். 2014 டிசம்பர் 4-ந் தேதி அவர் மறைந்தபோது, உழைப்பாளிகள் தங்கள் வக்கீலை இழந்ததாகவே துயருற்றார்கள்.

இந்தச் சரித்திரத்தை விரிவாகச் சொன்னது ஒரு மனிதரைப் பூஜிக்க அல்ல. ஆளை அளக்கும் படி எது என்று காட்டவே. அவர் தேர்தலுக்கு வந்தபோது, “நான் ஏழைகளுக்காக உழைப்பேன்” என்று வாக்குறுதி கொடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவரது வக்காலத்துகளே அவருக்குச் சாட்சி சொல்லின. சிறை வாசம் அந்தச் சாட்சிக்கு முத்திரை வைத்தது.

நமது மண்ணிலும் இத்தகைய வக்கீல்கள் இருந்தார்கள். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்த வ.உ.சிதம்பரனார் வக்கீல். அதற்கு விலையாகச் சிறையில் செக்கிழுத்தார். வக்கீல் சன்னதையும் இழந்தார். 1921-ல் தமது வக்கீல் அங்கியைத் தீயிலிட்டு, 1923-ல் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலரும் வக்கீல்தான். கறுப்புக் கோட்டு ஒரு வர்க்கம் அல்ல. அதைப் போட்டுக்கொண்டு யார் பக்கம் நிற்கிறார் என்பதில்தான் வர்க்கம் இருக்கிறது.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். கேட்டது கூலி உயர்வு. மிராசுதார்களுக்காக வாதாடப் பெரிய பெரிய வக்கீல்கள் கிடைத்தார்கள். பணமும் காரும் படைத்த பெரிய மனிதர்கள் தாமே நேரில் வந்து தீ வைத்திருப்பார்களா என்று ஐகோர்ட் சந்தேகப்பட்டு அவர்களை விடுவித்தது. சட்டப் படிப்பு தானாகவே ஒருவரை நீதியின் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிடும் என்று நம்புகிறவர்கள் வெண்மணியின் நினைவுத் தூண் முன்னால் நின்று அதைச் சொல்லட்டும்.

சட்டசபை ஸ்தானம் எதற்கு, அங்கே நம் பிழைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பழைய கதை வேண்டாம். 2023 ஏப்ரல் 21-ந் தேதி நடந்ததைச் சொல்வோம். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டசபையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளி ரத்தம் சிந்திப் பெற்ற உரிமை, சில நிமிஷங்களில்! தொழிற்சங்கங்கள் எழுந்தன. இடதுசாரிகள் எழுந்தார்கள். ஆளுங்கட்சியின் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1-ந் தேதி, சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி நூறாண்டு நிறைந்த அந்த நாளில், வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. வெளியே திரண்ட சக்தி வென்றது, உண்மை. ஆனால் சபைக்கு உள்ளே நம் ஆட்கள் மிகுதியாக இருந்திருந்தால் அது நிறைவேறியே இருக்குமா?

2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்தையும் நினைவூட்டுகிறோம். ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் சர்க்காரின் முன் அனுமதி தேவை என்ற வரம்பு முன்பு 100 தொழிலாளர். அதை 300 ஆக்கினார்கள். 250 பேர் வேலை செய்யும் பஞ்சாலைத் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பு போயிற்று. தர்ம காரியம் என்று பெயர் போட்டுக்கொண்ட ஸ்தாபனங்கள் பலவற்றை ‘தொழில்’ என்ற சொல்லிலிருந்தே கழற்றிவிட்டார்கள். கிருஷ்ணய்யர் திறந்த கதவைச் சாத்துகிற வேலை இது. தொழிலாளர் விஷயத்தில் ராஜ்ய சட்டசபைக்கும் அதிகாரம் உண்டு. விவசாயக் கூலியின் குறைந்தபட்ச விகிதத்தை நிர்ணயிப்பதும் ராஜ்ய சர்க்காரே. ஆகவே அங்கே யார் உட்காருகிறார் என்பது நமது சோற்றுப் பானையின் விஷயம்.

ஆகவே, தோழர்களே, உங்கள் ஊர் வக்கீல் ஓட்டுக் கேட்டு வரும்போது மரியாதையாக உட்கார வையுங்கள். பிறகு கேளுங்கள்.

ஐயா, இத்தனை வருஷத் தொழிலில் எத்தனை தொழிலாளர் வழக்கு நடத்தினீர்கள்? எந்தப் பக்கம் நின்றீர்கள்? குத்தகைக்காரனை வெளியேற்றும் கேசில் உங்கள் கையெழுத்து யாருடைய வக்காலத்தில் இருக்கிறது? எங்கள் தெருப் பிள்ளைகளைப் போலீஸ் பிடித்துச் சென்ற இரவில் ஸ்டேஷனுக்கு வந்தீர்களா? சேரியில் வன்கொடுமை நடந்தபோது யாருக்காக ஜாமீன் மனுப் போட்டீர்கள்? 12 மணி நேர வேலை மசோதா மறுபடி வந்தால், உங்கள் கட்சித் தலைமை ‘ஆம்’ என்று சொன்னாலும் நீங்கள் ‘இல்லை’ என்பீர்களா?

பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான். ஊரிலேயே சாட்சிகள் இருக்கிறார்கள். கோர்ட் குமாஸ்தாவுக்குத் தெரியும், தோற்ற குத்தகைக்காரனுக்குத் தெரியும், சங்க ஆபீசில் உள்ள பழைய பைலுக்குத் தெரியும். அதோடு, ஒவ்வொரு அபேட்சகரும் தமது சொத்து, கடன், தம் மீதுள்ள கிரிமினல் வழக்குகள் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய காகிதம். சங்கக் கிளைகளில் அதை வாங்கி உரக்கப் படியுங்கள். படிக்கத் தெரியாத தோழருக்கும் கேட்கத் தெரியும்.

இன்னொன்று. ஓட்டுப் போடும் நாளில் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு கூறுகிறது. தினக்கூலிக்கும் இது உண்டு. மீறும் முதலாளிக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 500 ரூபாய்! ஒரு மெஷினை ஒரு நாள் நிறுத்தும் நஷ்டத்தைவிட அபராதம் லாபம் என்று கணக்குப் போடும் முதலாளிகள் உண்டு. ஆகவே இந்த உரிமையைச் சட்டம் தானாக வந்து தந்துவிடாது. சங்கம் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துக் கேட்டுப் பெற வேண்டும். நடவு நாள் என்று பண்ணை அழைத்தாலும் முதலில் ஓட்டு, பிறகு நடவு என்று கோஷ்டியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் தனியாகச் சொன்னால் நாளைக்கு வேலை இல்லை என்பான். நாற்பது பேர் சேர்ந்து சொன்னால் நேரத்தை அவன் மாற்றிக்கொள்வான்.

நமக்குச் சட்டசபையில் வக்கீல் வேண்டும். நம் வழக்கைச் சுமந்த வக்கீல் வேண்டும். வக்கீல் இல்லாவிட்டால், நம் வழக்கைத் தன் உடம்பிலேயே சுமந்த ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் அங்கே போகட்டும். சட்டத்தின் வாசகத்தை அவர்கள் கற்றுக்கொள்வார்கள். பசியின் வாசகத்தைக் கற்றுக்கொள்ளாதவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் கடினம்.

வக்காலத்து என்பது கட்சிக்காரன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அதிகாரம். ஓட்டும் அதுவே. ஐந்து வருஷத்துக்கு நமக்காகப் பேச நாம் கொடுக்கும் வக்காலத்து அது. யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுப்போம். கொடுத்த பிறகும் கண்ணை மூடாமல் காவல் இருப்போம். தலைச்சேரியின் ஏழு ஓட்டை ஒவ்வொரு ஆலை வாசலிலும் ஒவ்வொரு வரப்பிலும் சொல்லுவோம்!